ரெண்டு பேரும் வெளியே, தண்டனை ஒருத்தருக்கா?

"அப்பா, ரெண்டு பேரும்தானே டிராக்கை விட்டு வெளியே போனாங்க?" ஞாயிறன்று (அக்டோபர் 20, 2024) ஆஸ்டின் ஃபார்முலா ஒன் பந்தயம் முடிந்ததும் என் மகள் கேட்டாள்.

56 சுற்றில் 52-ஆவது சுற்று. 12-ஆவது வளைவில் லாண்டோ நோரிஸ் வெளிப்பக்கமாக வெர்ஸ்டாப்பனை முந்தினார். இரண்டு காரும் கோட்டைத் தாண்டின. நடுவர்கள் நோரிஸுக்கு மட்டும் 5 விநாடி அபராதம் போட, அவருடைய மூன்றாமிடம் வெர்ஸ்டாப்பனுக்குப் போனது.

விதிப்படி சரிதான். வளைவின் உள்முனைக்கு முதலில் வந்தவர் வெர்ஸ்டாப்பன். வெளியே போய் முந்தியவர் நோரிஸ். ஆனால் அதே பந்தயத்தில், அதே வளைவில், பொட்டாஸை வெளியே தள்ளியதற்காக ரஸலுக்கும் 5 விநாடி. முந்துகிறவர் தள்ளினால் குற்றம், தடுக்கிறவர் தள்ளினால் சாமர்த்தியமா?

நோரிஸை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. 2017-இல் இதே ஆஸ்டினில், கடைசிச் சுற்றில் கோட்டைத் தாண்டி முந்திய வெர்ஸ்டாப்பனும் மூன்றாமிடத்தை இழந்தவர்தான். கேட்பது ஒன்றுதான்: முதலில் வந்தால் மட்டும் போதாது, வந்தவர் தானும் கோட்டுக்குள் நிற்கணும். அதை விதியில் எழுதிவிட்டால், மகளுக்குச் சொல்ல என்னிடமும் ஒரு பதில் இருக்கும்.