இசைத்தட்டும் ஊசியும்: ஊவா மலைநாட்டில் அவற்றைப் பேணும் முறை

ஒலி தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்பினது. ஏட்டில் எழுதப்பட்ட பாடல் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் படிப்போர் நாவில் உயிர்பெறும். பாடியவரின் குரலோ அவரோடு போய்விடும். இந்நியதியை 1877 ஆம் ஆண்டில் எடிசன் கண்ட ஒலிப்பதிவுக் கருவி முதன்முதலாக மாற்றியது. பத்தாண்டுகள் கழித்து எமில் பேளினர் என்பார் எடிசனின் உருளையைக் கைவிட்டுத் தட்டையான வட்டத் தகட்டை மேற்கொண்டார். ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளை எடுக்கும் வசதி இதனால் உண்டாயிற்று. 1902 இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் தட்டில் ஏறியது. அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பாடகர்களும் நாதசுர வித்துவான்களும் நாடக நடிகர்களும் ஒலிவாங்கும் கூம்பின் முன் நின்று பாடியும் வாசித்தும் தம் கலையை நமக்கு விட்டுச் சென்றனர்.

இத்தட்டுகள் ஊவா மலைகளுக்கு ஏறிவந்த வரலாற்றில் ஒரு சிறப்பு உண்டு. பதுளைக்குப் புகையிரதம் 1924 இல் வந்து சேர்ந்தது. தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் வந்ததோ பல பத்தாண்டுகள் கழித்து. ஆயினும் கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. கைப்பிடியைச் சுழற்றி உள்ளிருக்கும் சுருள்வில்லை முறுக்கிவிட்டால் போதும். வில் தளர்ந்து விரியும்போது தட்டு சுழலும். விளக்கெண்ணெய்ச் சுடரின் ஒளியிலும் கே. பி. சுந்தராம்பாளின் குரலைக் கேட்கலாம். பின்னாளில் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கிக் கூம்பு மரத்தில் ஏறியது. அடிவாரத்துக் கொட்டகையில் ஒருவர் தட்டை மாற்றியவண்ணம் அமர்ந்திருப்பார். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 இல் தொடங்கிய பின்னர், கொழும்பில் சேர்த்துவைக்கப்பட்ட இசைத்தட்டுகளின் ஒலியைக் கடல் கடந்து தமிழ்நாட்டாரும் விரும்பிக் கேட்டனர்.

அத்தட்டுகளுள் இன்று எஞ்சியிருப்பன எத்தனை? 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னார் வழியே இந்தியா சென்ற குடும்பங்கள் கையில் தூக்கக்கூடியதையே கொண்டு சென்றன. விழுந்தால் உடையும் பாரமான தட்டுகள் அத்தகைய பயணத்துக்கு உகந்தவை அல்ல. 1983 ஆடி மாத வன்செயலில் பதுளை நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. இவற்றுக்கெல்லாம் தப்பி ஒரு வீட்டின் மூலையில் கிடக்கும் ஒரு தட்டு, அப்பாடலுக்கு எஞ்சிய ஒரே சான்றாகவும் இருத்தல் கூடும். அதனை அழிப்பதற்குத் தீ வேண்டியதில்லை. அன்போடு துடைக்கும் ஒரு கை போதும். எப்படி என்பதை அறிய, தட்டு எதனால் ஆனது என்று முதலில் அறிதல் வேண்டும்.

பழைய தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டு, அரக்கினால் ஆனது. பலாச மரத்திலும் பூவத்தி மரத்திலும் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. அதனோடு கல்மாவும் கரியும் பஞ்சு இழையும் கலந்து, சூடேற்றி அச்சில் அழுத்தித் தட்டாக்குவர். பாண்டவருக்கெனக் கட்டிய மாளிகைக்குத் துரியோதனன் அரக்கைத் தேர்ந்தெடுத்த காரணத்தை நினைவுகூர்ந்தால் இத்தட்டின் இயல்பில் ஒரு பாதி விளங்கும்: வெப்பத்துக்கு அரக்கு ஆற்றாது. மறுபாதியைத் தளபாடங்களுக்கு மெருகிடும் தச்சரிடம் கேட்டறியலாம். அவர் அரக்குச் செதில்களை மதுசாரத்தில் இட்டுக் கரைத்தே மெருகெண்ணெய் செய்கிறார். ஆகவே அழுக்கு நீங்கும் என்றெண்ணி அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைப்பவர், அழுக்கோடு பாட்டையும் துடைத்தவராவார். கறுத்துப் பளபளக்கும் முகம் மங்கி, துணியில் கரிய கறை ஏறுவதைக் கண்ட பின்னர் வருந்திப் பயனில்லை.

தட்டின் முகத்தில் வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் செல்லும் ஒரே ஒரு சால் உண்டு. உழுத வயலில் அடுத்தடுத்துக் காணும் சால்கள் போலத் தோன்றினும், பாம்பு சுருண்டதுபோல அது ஒன்றேயாம். அச்சாலின் சுவர்கள் ஒலியின் அலைக்கேற்ப நெளிந்திருக்கும். ஊசி அந்நெளிவுகளைப் பின்பற்றி அசைய, அவ்வசைவே மீண்டும் ஒலியாகிறது. பத்து அங்குலத் தட்டின் விளிம்பில் ஊசியின் கீழே செக்கனுக்கு ஒரு மீற்றர் நீளமான சால் ஓடுகிறது.

பழைய கிராமபோனின் ஊசி உருக்கினால் ஆனது. தலையின் பாரமோ 100 கிராமுக்கும் மேற்பட்டது. இத்துணைப் பாரத்தின்கீழ் தட்டு தேயாமல் ஊசி தேயவேண்டும் என்பதற்காகவே அரக்கில் கல்மா சேர்த்தனர். முதற் சில சுற்றுகளிலேயே கல்மா ஊசியின் நுனியைச் சாலின் வடிவுக்குத் தேய்த்துவிடும். பாட்டு முடியும்போது நுனியின் இருபுறமும் உளியின் முனைபோலக் கூர்மை பெற்றுவிடும். அதே ஊசியை மற்றொரு தட்டில் வைத்தால் அது கேட்பதற்கு வைத்த ஊசியன்று, செதுக்குவதற்கு வைத்த உளி. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்னும் விதி இக்காரணம் பற்றியே எழுந்தது. 200 ஊசிகள் கொண்ட சிறு தகரப் பெட்டிகளில் அவை விற்கப்பட்டதும் இதனாலேயே. சிக்கனம் கருதி ஓர் ஊசியைப் பத்துப் பாட்டுக்கு வைத்தோர் ஊசியின் விலையை மிச்சம் பிடித்துத் தட்டின் விலையை இழந்தனர். பழந்தட்டுகள் பலவற்றில் உச்சத்தாயி வரும் இடங்களில் மட்டும் இரைச்சல் மிகுந்திருக்கும். பாடகர் குரல் உயர்த்திய இடத்தில் சாலின் நெளிவு மிகுதி. தேய்ந்த ஊசி முதலில் அரித்தது அவ்விடத்தையே. நம் முன்னோர் எப்பாட்டை மிக விரும்பினர் என்பதை அறியவேண்டின், மிகவும் கெட்டுப்போன தட்டு எதுவென்று பார்த்தால் போதும்.

1948 இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டு 45 சுற்றுச் சிறுதட்டு வந்தது. இவை வைனைல் என்னும் பிளாத்திக்கினால் ஆனவை. இவற்றில் கல்மா இல்லை. ஆகவே இரைச்சலும் குறைவு. சாலின் அகலம் மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிப்பிலும் அது குறைவு. நெடுந்தட்டின் ஒரு பக்கத்துச் சாலை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் நீளும்.

இங்கு ஊசியும் மாறிற்று. நீலக்கல்லும் வைரமுமே நுனியாயின. இந்நீலக்கல் இரத்தினபுரியில் அகழ்ந்தெடுத்ததன்று, உலையில் ஆக்கியது என்பதை ஆசையோடு பழைய ஊசிகளைச் சேர்ப்போர் நினைவிற் கொள்க. நீலக்கல் நுனி சில பத்து மணி நேரத்திலேயே தேய்ந்துவிடும். வைரம் ஆயிரம் மணி நேரம் வரை உழைக்கும். தலையின் பாரம் இரண்டு கிராம் அளவே. இரண்டு கிராம்தானே என்று இகழ்தல் ஆகாது. அப்பாரத்தைத் தாங்கும் பரப்பு நுணுக்குக்காட்டியில் மட்டும் காணத்தக்கது. ஆதலின் அழுத்தத்தைக் கணக்கிட்டால் சதுர அங்குலத்துக்குப் பல தொன் வரும். அவ்வளவு அழுத்தத்தோடு ஒரு தூசித் துகளை வைனைலில் பதித்தால், அது அங்கேயே தங்கி ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என ஒலிக்கும்.

அரக்குத் தட்டுக்கும் வைனைல் தட்டுக்கும் ஊசி வேறு வேறு. அரக்குத் தட்டின் சால் மும்மடங்கு அகன்றது. நெடுந்தட்டின் நுண்ணூசியை அதில் வைத்தால் அது சுவரைத் தொடாது அடியிற் கிடக்கும் தூசியை உழுதுகொண்டு போகும். அகன்ற ஊசியை நெடுந்தட்டில் வைத்தால் வரும் கேட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

ஊசியைத் துப்புரவு செய்தல் எளிது. ஆயினும் திசை தவறக்கூடாது. மென்மயிர்த் தூரிகை கொண்டு பின்னிருந்து முன்னாக, அதாவது தட்டு ஓடும் திசையிலேயே, மெல்ல நீவுதல் வேண்டும். பக்கவாட்டில் நீவினாலும் முன்னிருந்து பின்னாக நீவினாலும் நுனியைத் தாங்கும் மெல்லிய தண்டு வளையும். விரலால் தொடுவது அறவே தகாது. ஒவ்வொரு பக்கமும் கேட்பதற்கு முன் இதனைச் செய்வது நன்று. பாட்டின் இறுதிப் பகுதியில் மட்டும் ஒலி கரகரக்குமாயின், ஊசியில் தூசிப் பஞ்சு திரண்டிருத்தல் வேண்டும். துடைத்த பின்னும் கரகரப்பு நீங்காதெனில் நுனி தேய்ந்ததென்று கொண்டு புதிது மாற்றுக.

இனி ஊவாவின் காலநிலையைக் கருதுவோம். தட்டுகளைப் பேணுவது பற்றிய மேனாட்டு நூல்கள் காட்டாத ஒரு சிக்கல் ஈண்டு உண்டு. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை, மலையில் மூடுபனி, சுவரெல்லாம் ஈரம். ஆனி முதல் ஆவணி வரை, மேற்கு மலைகளில் மழையை உதிர்த்துவிட்டு இறங்கும் கச்சான் காற்று வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகம் போற்றும் மணத்தைத் தருவது அக்காற்றே. ஒரே வீட்டில் ஒரே தட்டு ஆண்டின் ஒரு பாதியில் பூஞ்சணத்துக்கும் மறுபாதியில் தூசிக்கும் இலக்காகிறது. வறண்ட காற்றில் வைனைலை உறையிலிருந்து உருவும்போது நிலைமின் உண்டாகித் தூசியை இழுத்து ஒட்டவைக்கும். அதனை உலர்ந்த துணியால் தேய்க்கத் தேய்க்க மின் மிகுமேயன்றித் தூசி குறையாது. கரிநார்த் தூரிகையைச் சுழலும் தட்டின்மேல் சாலின் போக்கில் மெல்லப் பிடிப்பதே தக்கது.

பூஞ்சணத்துக்கு உணவு பெரும்பாலும் தாளுறையும், விரற்பிசுக்கும், அடுப்புப் புகையின் கரியுமேயாம். லயத்துக் காம்பராவில் அடுப்பும் உறக்கமும் பெட்டியும் ஒரே கூரையின்கீழ் இருந்தமையால் பழைய தட்டுகளில் புகைப்பிசுக்குப் படிந்திருப்பது இயல்பு. பூஞ்சணம் பிடித்த எதையும் வெயிலில் காயவைப்பது நம்மவர் வழக்கம். அரிசியும் மிளகாயும் பாயும் புத்தகமும் முற்றத்துக்கு வரும். தட்டை மட்டும் அங்ஙனம் வைத்தலாகாது. உச்சி வெயிலில் சிறிது நேரத்திலேயே அது அப்பளம்போல் நெளியும். நெளிந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் மிக அரிது. நிழலில், காற்றோட்டத்தில் உலரவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத் தூரிகையால் பூஞ்சணத்தை அகற்றுக. பழைய உள்ளுறையை எறிந்துவிடுக. வெளியுறையில் படமோ எழுத்தோ இருப்பின் அதனைத் தனியே உலர்த்திப் பேணுக. பாடியவர் பெயரை அறிய அதுவே சான்றாகும்.

கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. தோட்டத்துப் பீலித் தண்ணீர் குடிக்க இனிமையானதாயினும், உலர்ந்த பின் அதில் கரைந்திருந்த உப்புகள் சாலின் அடியில் தங்கும். ஒரு போத்தல் நீருக்கு மணமும் நிறமும் சேராத சவர்க்கார நீர்மம் ஓரிரு துளி போதும். நடுவிலுள்ள தாட்சீட்டு நனையாதவாறு, மென்மையான துணியால் சாலின் போக்கில் வட்டமாகத் துடைத்து, பின்பு வெறும் நீரால் ஒருமுறை துடைத்து, நிமிர்த்தி நிழலில் உலர்த்துக. அரக்குத் தட்டாயின் நீரில் ஊறவிடாது விரைந்து முடித்தல் வேண்டும். அதிலுள்ள பஞ்சும் கல்மாவும் நீரை ஏற்கும். வைனைலுக்குச் சிறிதளவு மதுசாரம் கலந்த நீர் தீங்கு செய்யாது. எனினும் வீட்டில் இருவகைத் தட்டும் கலந்திருக்குமாயின் மதுசாரப் போத்தலை அவ்வறைக்கே கொண்டுவராதிருப்பது நன்று. இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம். கையில் எடுத்ததும் தடித்துப் பாரமாக இருப்பது, தட்டினால் ஓட்டுச்சில்லுப் போல ஒலிப்பது அரக்கு. வளைந்து கொடுப்பது வைனைல்.

அடுக்கும் முறையில் ஐயம் இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சார்பில் பிக்கெற்றும் லெம்கோவும் செய்த ஆய்வு 1959 இல் வெளிவந்தது. தட்டுகளைப் புத்தகம்போல நிமிர்த்தியே வைக்கவேண்டும் என்பது அதன் முடிபு. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தினால் அடித்தட்டு வளையும், அரக்காயின் பிளக்கும். தகரக் கூரைக்கு அடுத்த பரணும் றங்குப் பெட்டியும் தட்டுக்கு ஆகா. பகலில் அவை சூடேறும். இரவில் மலைக்குளிரில் அவற்றின் உட்புறம் வியர்க்கும். வெளிச்சுவரைத் தொடாது, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், உள்ளறை அலுமாரியில் வைப்பதே ஊவாவுக்கு ஏற்றது.

உடைந்த தட்டை எறிந்துவிடுவோர் பலர். பசையிட்டு ஒட்டுவோர் சிலர். இருவர் செயலும் தவறு. கலிபோர்ணியாவிலுள்ள லோறன்ஸ் பேர்க்கிலி ஆய்வுகூடத்தில் காள் ஹேபர் என்னும் பௌதிகரும் அவர்தம் கூட்டாளிகளும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊசியே தொடாமல் சாலைப் படம்பிடித்து, அப்படத்திலிருந்து ஒலியைக் கணிக்கும் முறையை வகுத்தனர். உடைந்த துண்டுகளும் இம்முறைக்கு உட்படும். ஆனால் பசை படிந்த விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தா. ஆகவே துண்டுகளை ஒவ்வொன்றாக அமிலமற்ற தாளில் சுற்றி, ஒன்றோடொன்று உராயாமல் தட்டையான பெட்டியில் கிடத்தி, தாட்சீட்டில் உள்ள எழுத்தையும் எண்ணையும் பெட்டியின்மேல் எழுதிவைத்தல் வேண்டும். சிறு சில்லாயினும் விடாது பொறுக்குக. ஒரு சில்லின் அகலத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துணுக்கு ஒலி அடங்கியிருக்கிறது.