கண்படாத இடங்கள் – 6: தொட்டியின் நீர்க்கோடு

2012 கோடையில் கடையநல்லூரில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். டெங்கு என்ற சொல் திண்ணைப் பேச்சுக்கு வந்தது அப்போதுதான். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பதிவான டெங்கு நோயாளிகள் 12,826 பேர். இறந்தவர்கள் 66 பேர். நாட்டிலேயே அதிகம் பாதிக்கப்பட்டது நம் மாநிலம்தான். கடையநல்லூர் அன்று நெல்லை மாவட்டத்தில் இருந்தது, 2019-லிருந்து தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. சாரல் காலம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோடைதான் நினைவுக்கு வருகிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டையைத் தண்ணீரிலும் இடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் உட்சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். பார்த்தால் கரித்தூள் போல இருக்கும். தொட்டி காய்ந்து கிடந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பிடித்து மட்டம் ஏறியதும் பொரிந்துவிடும். அதனால், இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பது மட்டும் போதாது. தேங்காய் நாரை எடுத்து அந்த நீர்க்கோட்டை அழுத்தித் தேய்க்க வேண்டும். மூடியின் அடிப்பக்கத்தையும் டிரம்மின் விளிம்பையும் விட்டுவிடக் கூடாது. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தேய்த்தால் அதை முந்திவிடலாம்.

சில நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் தெருவில் போய், தொட்டியைக் காலி செய்யுங்கள் என்று சொல்வது நியாயமில்லை. அங்கே ஒரு குடம் தண்ணீரைக்கூட யாரும் கொட்ட மாட்டார்கள், கொட்டவும் வேண்டாம். தண்ணீர் வருவதற்கு முந்தின நாள் டிரம் அடிமட்டத்தில் இருக்கும். மிச்சத்தை வாளியில் மாற்றிவிட்டுத் தேய்க்க அதுதான் நேரம். பிறகு பழைய வேட்டித் துணியால் வாயை இறுகக் கட்டிவிடலாம்.

சுகாதாரப் பணியாளர் ஊற்றும் அபேட் மருந்தைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவுக்குள் குடிநீரிலும் அதைப் பயன்படுத்தலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது தண்ணீரில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். சுவரில் ஒட்டிய முட்டைக்கு நார்தான் மருந்து.

பெருமழை புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும். சாரல் அப்படியில்லை. கொஞ்சம் தூறும், கொஞ்சம் வெயிலடிக்கும். கிடைத்த பள்ளத்தை எல்லாம் நிரப்பி வைக்கும். மிக்ஸி வந்த பிறகு புறவாசலுக்குப் போன ஆட்டுரலின் குழியைப் பாருங்கள். அதில் மணலைக் கொட்டி நிரப்பிவிடுங்கள். சன்ஷேடில் சருகு அடைத்த தூம்பு, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் நீர் சொட்டும் தட்டு எல்லாம் இதே வகைதான். அந்த ஃபிரிட்ஜ் தட்டைப் பல வீடுகளில் வாங்கிய நாளிலிருந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் துணி உலர்த்தும் மூங்கில் கழியைச் செருகும் துளைக்குக்கூட மூடி போடச் சொல்கிறார்கள். கொசுப்புழு இருந்தால் வீட்டுக்காரருக்கு அபராதமும் உண்டு.

ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. அதனால் ஒரு தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரே வீடு போதும். குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் வாடகைக்கு விடும் வீடுகளையும், வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போனவர்கள் பூட்டிச் சென்ற வீடுகளையும் நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். பூட்டுவதற்கு முன் ஃபிளஷ் தொட்டியையும் மாடித் தொட்டியையும் வடித்துவிடுங்கள். கழிப்பறைக் கோப்பையை மூடி, விளிம்பில் டேப் ஒட்டுங்கள். சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால், டார்ச்சோடு வரும் பணியாளர் உள்ளே போய்ப் பார்க்க முடியும்.