சிமெண்டுத் தளத்தில் ஒரு பிடி மண்

லயத்தை விட்டுக் கெப்பாலா பத்தாஸ் தாமான் வீடுகளில் குடியேறிய நம்மவர்க்கு வாசலெங்கும் சிமெண்டுத் தளமே. சுவரோரம் ஈரடியளவில் மட்டும் மண் விடப்பட்டிருக்கும். அங்கே வைத்த கறிவேப்பிலைக் கன்று மஞ்சளித்துப் போனதென்று பலர் வருந்தக் கேட்கிறோம்.

குற்றம் கன்றினுடையதன்று. கட்டட வேலையில் கொட்டிய சிமெண்டுக் கழிவின் சுண்ணாம்பு, மண்ணைக் காரமாக்கிவிடுகிறது. வேர் இரும்புச்சத்தை ஏற்க இயலாமல் தளிர் வெளுக்கிறது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மேலும் மேலும் உரமிடுவது வீண்செலவு.

ஓரடி ஆழம் தோண்டிக் காரையை அகற்றுவோம். பின்னர் ஒரு வாளி நீரூற்றிப் பார்ப்போம். நீர் இறங்காவிடில் அடிமண்ணைக் கடப்பாரையால் குத்தி இளக்குதல் வேண்டும். தேங்கும் நீரில் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஏறத்தாழ ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும். கொசு பெருக இடமளிப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும்.

நிரப்புவதற்குப் பால்மரக்காட்டு மேல்மண் மிக ஏற்றது. இயல்பாகவே அது புளிப்பு மண். நிர்வாகத்தின் அனுமதி பெற்று எடுத்து, மக்கிய சாணம் கலந்து, தளத்தைவிட இரண்டு அங்குலம் உயர்த்தி இடுவோம். மழையில் அது தானே அமுங்கும்.

வெயில் படுமாயின் கறிவேப்பிலை, நிழலாயின் பாண்டான். மாங்கன்று வேண்டாம்; அதன் வேர் தளத்தையே பெயர்த்துவிடும்.