முள் தைத்த காலுக்குக் கவனம் தேவை

முள் தைத்த இடத்தில் பல மாதங்கள் கழித்து வலியில்லாத வீக்கம் தோன்றினால், அது 'மதுரைக் கால்' நோயாக இருக்கலாம். 1842-ல் மதுரையில் பணியாற்றிய டாக்டர் கில் இதை விவரித்தார். ஊரின் பெயரே நோய்க்கும் நிலைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

மண்ணில் வாழும் சில பூஞ்சாணங்களும் பாக்டீரியாக்களும் இந்நோயை உண்டாக்குகின்றன. வெறுங்காலுடன் வயலில் உழைப்போர், ஆடு மாடு மேய்ப்போர் ஆகியோரின் காயத்தின் வழியே இவை உட்புகுகின்றன. வலி இல்லாததால் பலர் வருடக்கணக்கில் வாளாவிருந்து விடுகின்றனர். நாளடைவில் வீக்கத்தில் துளைகள் விழுந்து, சீழுடன் சிறு குருணைகள் வெளிவரும். கருப்புக் குருணை பூஞ்சாணத்தையும், மஞ்சள், சிவப்புக் குருணைகள் பாக்டீரியாவையும் காட்டும். வெள்ளைக் குருணை இரண்டிலும் உண்டு. ஆகவே பரிசோதனை அவசியம்.

பாக்டீரியா வகை, மாதக்கணக்கில் மருந்து உட்கொண்டால் பெரும்பாலும் குணமாகும். பூஞ்சாண வகைக்கு மருந்துடன் அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். எலும்பு வரை அரித்துவிட்டால் காலையே எடுக்க நேரிடும்.

வேலி வெட்டும்போதும் விறகு பொறுக்கும்போதும் கட்டாயம் செருப்பு அணிய வேண்டும். தைத்த முள்ளை முழுவதும் எடுத்து, காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பின்னர் அதே இடத்தில் கட்டி தோன்றினால், தாமதியாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்வது நலம்.