பனியைத் தாங்கும் கொண்டை

சேவலின் சிவந்த கொண்டை அழகுக்கு மட்டும் என்றா எண்ணுகிறீர்கள்? இரத்தம் மிகுதியாக ஓடும் அந்த உறுப்பு, கோடையில் உடலின் வெப்பத்தை வெளியேற்றுகிறது. கனடாவின் குளிர்காலத்திலோ அதுவே வினையாகிவிடுகிறது. பெரிய கொண்டை பனியில் உறைந்து, நுனி கருகி உதிர்ந்துவிடும்.

இதைப் போக்க எண்ணினார் வில்ஃபிரிட் என்னும் துறவி. துறவிக்கு ஏன் கோழி என்கிறீர்களா? கியூபெக்கிலுள்ள அவரது ஓகா மடம் வேளாண் பள்ளியும் நடத்தியது! 1908இல் தொடங்கி, கார்னிஷ், லெகார்ன் முதலிய இனங்களைக் கலந்து, கொண்டையும் தாடியும் சிறுத்த 'சாண்டெக்லேர்' கோழியை உருவாக்கினார்.

1979இல் இந்த இனம் அற்றுவிட்டதாகவே கருதப்பட்டது. ஆனால் சில சிறு பண்ணைகளில் அது உயிரோடிருந்தது.

ஒரு வீட்டுக் கொல்லையிலுள்ள பத்துக் கோழிகளால் இனம் நிலைக்காது. உறவுக்குள்ளேயே இணைசேர்ந்தால் முட்டை பொரிப்பது குறையும், குஞ்சுகள் நலியும். ஆகவே கொல்லையில் கோழி வளர்ப்போர் ஒருவரையொருவர் தேடிச் சென்று, சேவல்களையும் கருவுற்ற முட்டைகளையும் மாற்றிக்கொள்கிறார்கள். குளிர்ந்த, ஆனால் உறையாத இடத்தில் ஒரு வாரம் வைத்த முட்டையும், அடைவைத்தால் 21ஆம் நாள் பொரியும்.

இங்கேதான் சங்கடம். 2021 டிசம்பரில் நியூஃபவுண்ட்லாந்தில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் காணப்பட்டது. 2022இல் பல மாகாணங்களில் பரவியது. காட்டு வாத்துகள் சுமந்துவரும் அந்த வைரசு, காலணியில் ஒட்டிய எச்சத்தின் வழியாகவும் அடுத்த கொல்லைக்குப் போகும். எனவே புதிதாக வந்த சேவலைச் சில வாரங்கள் தனியே அடைத்து வைக்கிறார்கள். சேவலைக் கொண்டுவந்த நண்பரையும் கொட்டிலுக்கு வெளியே நிறுத்தித்தான் பேசுகிறார்கள்.