வளவுக் குட்டை மீன்களைப் பறவைகளிடமிருந்து காப்போம்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்த வயல் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது. உறவினர் காணியிலோ பிறர் தந்த காணியிலோ கால் ஏக்கர் வளவுக்குள் சீவியம் நடத்த வேண்டியுள்ளது. இப்படியான வளவில் ஒரு மீன்குட்டை இருந்தால், காசு இல்லாத நாளிலும் பிள்ளைகளின் சோற்றோடு ஒரு துண்டு மீன் சேரும். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, சிறு குட்டையிலும் தவிடு, கீரை, சமையல் மிச்சம் தின்று வளரக்கூடியது.

ஆனால் குட்டை வெட்டி மீன்குஞ்சு விட்ட சில கிழமைகளிலேயே, "மீனைக் காணவில்லை" என்று மனமுடைந்து குட்டையைக் கைவிடுவோர் உள்ளனர். பெரும்பாலும் காரணம் பறவைகளே. ஒரு கணக்குப் பார்ப்போம். 20 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்ட குட்டையில், சதுர மீற்றருக்கு 2 குஞ்சு வீதம் ஏறக்குறைய 55 குஞ்சுகள் விடலாம். ஒரே ஒரு பறவை நாளுக்கு 5 குஞ்சுகளைப் பிடித்தாலும் 11 நாளில் குட்டை வெறுமையாகிவிடும். ஆகவே பாதுகாப்பு என்பது இழப்பு வந்தபின் செய்யும் வேலையல்ல. குட்டை வெட்டும் வேலையின் ஒரு பகுதி.

வருபவர் யார்?

எல்லாப் பறவையும் ஒரே விதமாக மீன் பிடிப்பதில்லை. கொக்கும் நாரையும் கரையிலிருந்து மெல்ல நடந்து ஆழமில்லாத நீரில் இறங்கி, அசையாது நின்று கொத்தும். இராக்கொக்கு மாலை மங்கிய பின்னர் வரும். மீன்கொத்தி நீருக்கு மேலே நீட்டிய கிளையிலோ கம்பிலோ இருந்து பாய்ந்து சிறு குஞ்சுகளைத் தூக்கும். நீர்க்காகம் நீரில் இறங்கி, மூழ்கி, மீனைத் துரத்திப் பிடிக்கும். எனவே ஆழமான குட்டையும் அதற்குத் தடையல்ல.

ஆடி, ஆவணி மாதங்களில் பெரிய குளங்கள் வற்றும்போது வளவுக் குட்டைகளுக்குப் பறவைகள் கூடுதலாக வரும். அதே காலத்தில் நம் குட்டையிலும் நீர் குறைந்து மீன்களுக்கு ஒளிக்க இடமில்லாமற் போகும். அப்போது இரட்டிப்புக் கவனம் தேவை.

கரையும் ஆழமும்

களிமண் நிலமானால் கரையைச் சரிவாக விடாமல், ஓரத்திலேயே இரண்டு அடி ஆழம் இருக்கத்தக்கதாக வெட்டுங்கள். கொக்குக்குக் கால் ஊன்ற இடம் கிடையாது. நடுவில் நான்கு அடி ஆழம் நல்லது. மணல் நிலத்தில் செங்குத்தான கரை இடிந்துவிடும். அங்கே கரையைச் சுற்றி, நிலத்திலிருந்து அரை அடி, ஒரு அடி உயரங்களில் இரண்டு வரிசைக் கயிறு கட்டினால் நடந்து வரும் பறவை தடைப்படும்.

ஓரத்திலேயே ஆழமான குட்டை சிறு பிள்ளைகளுக்கு ஆபத்தானது. கதியால் நட்டோ பனைமட்டை வரிந்தோ வேலி அடைத்து, படலை போட்ட பின்னரே நீர் நிரப்புங்கள்.

வலையும் கயிறும்

மிக உறுதியான பாதுகாப்பு வலையே. கரையோரக் கிராமங்களில் கழித்துவிட்ட தடித்த நூல் வலைகளைக் கேட்டு வாங்கலாம். கண் ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படாதிருப்பது நல்லது. நீர்மட்டத்துக்கு இரண்டு அடி மேலே, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, ஓரங்களை முளையடித்து இறுக்குங்கள். தொய்ந்த வலையின் மேல் பறவை நின்றுகொண்டே கொத்தும். தங்கூசி வலை வேண்டாம். அது கண்ணுக்குத் தெரியாததால் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும். அதை எடுக்கப் போகும் நமக்கும் ஆபத்து.

வலை கிடைக்காதோர், குட்டைக்குக் குறுக்காக ஓரடிக்கு ஒன்றாகத் தடித்த நைலோன் கயிறு கட்டலாம். நீர்க்காகம் இறங்கவும் எழும்பவும் நீர்ப்பரப்பில் இடம் வேண்டும். கயிறுகள் அதைத் தடுக்கும். கயிற்றில் வெள்ளை உரப்பைத் துண்டுகளைக் கட்டிவிட்டால் பறவைக்கு நன்கு தெரியும். கட்டும் தடிகளின் நுனியைக் கூராகச் சீவிவிடுங்கள். இல்லாவிட்டால் அவையே மீன்கொத்திக்கு இருக்கையாகிவிடும். நீருக்கு மேல் நீண்ட கிளைகளையும் வெட்டுங்கள்.

வலையும் கயிறும் அவிழ்த்துச் சுருட்டக் கூடியவை. நாளை வேறு காணிக்குப் போக நேர்ந்தாலும் உங்களுடனேயே வரும்.

மீனுக்கு ஒளிப்பிடம்

குட்டையின் அடியில் உடைந்த பானை, பழைய டயர், மண்குழாய் ஆகியவற்றைப் போட்டால் மீன் ஓடி ஒளிக்கும். மூங்கில் அல்லது தடியால் சட்டம் செய்து அதற்குள் கங்குன் கீரையை மிதக்க விடலாம். நிழலும் கிடைக்கும், கறிக்கும் ஆகும். நீர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூட வேண்டாம். மூடினால் விடியற்காலையில் மீன்கள் காற்றுக்காக மேலே வந்து வாய் பிளக்கும். ஆற்றுவாழையை ஒருபோதும் விடாதீர்கள். அது குளங்களைக் கெடுப்பதால் 1909 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் சட்டத்தால் தடுக்கப்பட்ட களை.

வெருளிகளை நம்பியிருக்க வேண்டாம். பளபளக்கும் தகடு, ஒலிநாடா, வைக்கோற் பொம்மை எல்லாம் சில நாள்தான். பறவை பழகிவிடும். வைத்தாலும் இரண்டு நாளுக்கொரு முறை இடம் மாற்றுங்கள். விடியற்காலையிலும் மாலையிலும் குட்டையடியில் ஆள் நடமாட்டமும் ஒரு நாயும் இருப்பது அதைவிடப் பயன் தரும்.

நஞ்சு வேண்டாம்

ஆத்திரத்தில் சிலர் மீனுக்குள் பூச்சிமருந்து வைப்பதைப் பற்றிப் பேசுகின்றனர். அந்த நஞ்சு கோழிக்கும் நாய்க்கும் கிணற்றுக்கும், கடைசியில் பிள்ளையின் கைக்கும் வந்து சேரும். 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பெரும்பாலான பறவைகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அதற்கும் மேலாக, வயலில் பூச்சியையும் நண்டையும் தின்று நமக்கு உதவுவதும் இதே கொக்குத்தான். இறைவன் படைத்த உயிரை அழிக்காமலே நம் உணவைக் காக்க வழியுண்டு.

முதலில் செய்ய வேண்டியவை

குட்டை வெட்டியதும் வேலி, அடுத்து ஒளிப்பிடம், அதன்பின் வலை அல்லது கயிறு, கடைசியாகவே மீன்குஞ்சு. குஞ்சுகளை ஒரு மூலையில் நுளம்பு வலைக்கூட்டுக்குள் நாலு விரல் நீளம் வரை வளர்த்துப் பின்னர் திறந்துவிட்டால் இழப்பு இன்னும் குறையும். தனியே வலை வாங்க இயலாதோர், பங்குக் குழுவில் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து ஒரு பெரிய வலையை வாங்கி வெட்டிப் பகிரலாம். எண்ணி விட்ட குஞ்சுகளை மாதம் ஒருமுறை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தையும் கைக்கொள்ளுங்கள். குறைவு தெரிந்த அன்றே கயிற்றைப் பாருங்கள், கரையைப் பாருங்கள். குட்டையை மட்டும் கைவிடாதீர்கள்.