வாவிக்கரையிற் படியிலா இல்லம்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வீடமைப்போர் முதற்கண் நோக்குவது நீர்மட்டமேயாம். எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்நிலம். படுவான்கரை, வயலும் குளமும் செறிந்த தாழ்நிலம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியானது, வாடைக்கால மழை பொழியுங்கால் நிரம்பி, சில ஆண்டுகளில் ஊர்களுட் புகுந்துவிடுகின்றது. 1957 ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தை முதியோர் இன்றும் பேசுவர். 2011 ஆம் ஆண்டு தை மாத வெள்ளத்தை இளைஞரும் அறிவர். ஆதலினாலே எம்முன்னோர் வீட்டுத் தளத்தை நிலத்தினின்றும் உயர்த்தி, முன்னே இரண்டு மூன்று படிகள் வைத்தனர். அது பட்டறிவின் பயன். அதனைக் குறைகூற எவர்க்கும் இயலாது.

எனினும், பிறவியினாலோ நோயினாலோ விபத்தினாலோ கால்களின் வலிமையிழந்து, சக்கர நாற்காலியில் இயங்கும் பிள்ளையொன்று அவ்வீட்டில் வளருமாயின், வெள்ளத்தைத் தடுத்த அதே படிகள் அப்பிள்ளையையுந் தடுத்துவிடுகின்றன. நீருக்கு அஞ்சி வீடு உயர வேண்டும். சக்கரத்தின் பொருட்டு வீடு தாழ வேண்டும். ஒன்றோடொன்று மாறுபடும் இவ்விரு தேவைகளையும் எங்ஙனம் இணக்குவது என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இஃது அழகு பற்றிய வினாவன்று. ஐந்து வயதுப் பிள்ளையைத் தாய் இடுப்பிற் சுமந்து படியிறங்குவாள். பத்து வயதில் அவளுக்கு முதுகு நோகும். பதினைந்து வயதில் இரண்டு ஆடவர் வேண்டும். அவ்வாடவர் வயலுக்கோ தோணிக்கோ அலுவலகத்துக்கோ சென்ற நாட்களிற் பிள்ளை உள்ளேயே இருக்கும். முதலிற் கோயிற் றிருவிழா தவறும்; பின்னர்க் கடற்கரை தவறும்; ஈற்றிற் பள்ளிக்கூடமுந் தவறும். பிள்ளையின் அறிவு குன்றியதனாலன்று, முன்வாயிலின் மூன்று படிகளினாலே அதன் கல்வி முற்றுப்பெற்றுவிடுகின்றது.

இத்தகையோர் மிகச் சிலரே எனக் கருதுதல் தவறு. 2012 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் நூற்றுக்கு 8.7 பேர் பார்வை, கேள்வி, நடை முதலியவற்றில் ஏதேனுமோர் இடர்ப்பாடு உடையோராவர். நாட்டிற் சட்டமும் இல்லாமலில்லை. மாற்றுத்திறனுடையோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் நிறைவேறியது. கட்டடங்களுட் செல்லும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வெளிவந்தன. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. எனினும், 2006 ஆம் ஆண்டு விதிகள் பொதுக் கட்டடங்களையே நோக்கின. எமது வளவினுட் புகுந்து வீட்டுப்படியை அளப்பதற்கு எந்த அதிகாரியும் வாரார். அது தந்தை, தாய், மேசன், தச்சன் என்னும் நால்வர் கையில் விடப்பட்ட கருமமாகும்.

இக்கருமம் ஆகக்கூடியதே என்பதற்கு அயல்நாட்டு எடுத்துக்காட்டொன்று கூறுவாம். அமெரிக்காவில் றொக்ஃபோட் என்னும் நகரில் வாழ்ந்த கென்னத் லோரன்ற் என்பார், இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் படையிற் பணியாற்றியவர். முள்ளந்தண்டிற் செய்த சத்திரசிகிச்சையின் பின் கால்களின் இயக்கத்தை இழந்தவர். புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் பிராங் லொயிட் றைற் அவருக்கு ஒரு வீடு வரைந்து கொடுத்தார். லோரன்ற் தம்பதியர் 1952 இல் அங்கே குடிபுகுந்து, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வாழ்ந்தனர். அவ்வீடு ஒரே தளமுடையது, உள்ளும் முற்றமும் ஒரே மட்டத்தில் அமைந்தவை, வாயில்கள் அகன்றவை, தளபாடங்கள் அமர்ந்திருப்பவர் கைக்கு எட்டுவன. காண்பவர் எவரும் அதனை நோயாளியின் வீடென்னாது நல்ல வீடென்றே கூறுவர். பின்னர், 1956 இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் செல்வின் கோல்ட்சிமித், 1963 இல் இத்துறைக்கான அளவுகளைத் தொகுத்துப் பெருநூலொன்று வெளியிட்டார். இன்று உலகெங்கும் கையாளப்படும் அளவுகள் இத்தகையோர் உழைப்பின் விளைவேயாம். அவற்றை எமது மண்ணுக்கேற்பக் கொள்ளுமாறு காண்போம்.

முதலாவது நிலமட்டம். சக்கர நாற்காலிக்குரிய சாய்தளம், ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டடி நீளம் கொள்ளுதல் வேண்டும். வீட்டுத் தளம் முற்றத்தினின்றும் 2 அடி உயர்ந்திருப்பின், 24 அடி நீளமான சாய்தளம் தேவைப்படும். இதனைக் கேட்ட மாத்திரத்தே பலர் மலைத்து, 6 அடிக்குட் செங்குத்தாய் ஒன்றை வார்த்துவிடுவர். அதில் ஏற்றுவதற்கு ஆள் வேண்டும்; இறங்குங்கால் உயிருக்கே இடர். ஆனால், நமது வளவுகள் பெரும்பாலும் படலையிலிருந்து வீடுவரை நீண்டு கிடப்பன. இருபதடிக்கு ஓரடி என்னும் மெல்லிய சரிவிலே படலையிலிருந்து மண்ணிட்டு உயர்த்தி வந்தால், 40 அடியில் 2 அடி உயர்ந்து, பாதை தானாகவே விறாந்தையைத் தொடும். அதனைச் சாய்தளமென்று ஒருவரும் அறியார். வீட்டுக்குச் செல்லும் வழியென்றே கொள்வர். வீடும் வெள்ளத்துக்கு மேலே நிற்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உள. உயர்த்திய பாதை அணைக்கட்டுப்போல நீரை மறித்து அயல்வளவினுட் செலுத்தலாகாது. ஆகவே அதன் கீழே குறுக்காகக் குழாய்கள் பதித்தல் வேண்டும். மணலிற் சக்கரம் புதையுமாதலால், எழுவான்கரையில் வெறும் மணற்பாதை உதவாது. கிறவல் இட்டு இடித்து இறுக்கி, மேலே 4 அடி அகலத்துக்குச் சீமெந்து பூசுதல் நன்று. சீமெந்து ஈரமாயிருக்கும்போதே தும்புத்தடியாற் கோடிட்டுவிட்டால் மழையில் வழுக்காது. இடமின்றிச் சாய்தளமே கட்ட நேரின், இரு விளிம்பிலும் 4 அங்குல உயரத்தில் வரம்பும், பிடித்துச் செல்லக் கைபிடியும், மேலும் கீழும் 5 அடிச் சமதளமும் வேண்டும்.

இரண்டாவது வாயில். எம்மவர் வாயில்நிலையை நல்ல நாள் பார்த்து நிறுத்துவர். நிலையின் அடியிற் கிடக்கும் குறுக்குமரம் இரண்டு மூன்று அங்குலம் மேலெழுந்து நிற்கும். நடப்பவர் அதனைப் பொருட்படுத்தார். சக்கரத்துக்கோ அது மதில். மரபைக் கைவிட வேண்டுவதில்லை. அம்மரத்தைத் தளத்தினுட் பதித்து, அதன் மேற்பரப்பும் தரையும் ஒரே மட்டமாய் அமையுமாறு தச்சனிடங் கூறினாற் போதும். சடங்கும் நிறைவுறும், சக்கரமும் உருளும். கதவு திறந்த பின் எஞ்சும் இடைவெளி 3 அடிக்குக் குறையாதிருத்தல் நலம். பிள்ளையின் இன்றைய சிறு நாற்காலியை அளந்து வாயிலமைப்போர் பலர். பிள்ளை வளரும், வாயில் வளராது. ஆதலின் வளர்ந்தவர் நாற்காலிக்கே அளவெடுத்தல் வேண்டும்.

மூன்றாவது உள்வீடு. நாற்காலி முழுவட்டமாய்த் திரும்புதற்கு 5 அடிக் குறுக்களவு வேண்டும். படுக்கையறையிலும் மலசலகூடத்திலும் அவ்வட்டத்தை முதலிற் சுண்ணாம்பால் வரைந்துவிட்டு, அதன் பின்னரே சுவர் எழுப்புக. கட்டிலும் கொமட்டும் நாற்காலியின் இருக்கைக்குச் சமமான உயரமுடையனவாயின், பிள்ளை காலப்போக்கில் தானே மாறியமரப் பழகும். அதற்குத் துணையாகச் சுவரிற் பிடிகள் வேண்டும். சீமெந்துக் கல்லின் உட்குழிவில் ஆணியடித்துப் பொருத்திய பிடி ஒருநாள் ஆளோடு பெயர்ந்து வரும். பிடி வரும் இடத்துக் கற்களைக் கொங்கிறீற்றால் நிரப்பிவிடுதல் முறை. கடற்காற்றும் வாவிக்காற்றும் இரும்பைத் தின்பவை. ஆகவே பிடியும் கைபிடியும் துருப்பிடியா உருக்கிலோ நாகமுலாம் பூசிய குழாயிலோ அமைதல் வேண்டும். மின்னாளிகள் 3 அடிக்கும் 4 அடிக்கும் இடையில் இருக்குமாயின் பிள்ளை பிறரை அழையாது விளக்கேற்றும்.

நான்காவது, அளவுநூல்களிற் காணப்படாத எமது இடங்கள். கிணற்றடி, குசினி, சாமியறை என்னும் மூன்றிலுமே எமது வீட்டு வாழ்வு நடக்கின்றது. கிணற்றடித் தளத்தைச் சிறிது அகட்டி, வீட்டிலிருந்து படியின்றிச் செல்ல வழியும், அமர்ந்து குளிக்க ஒரு திண்ணையும் அமைத்தால், உடன்பிறந்தார் நீராடிக் களிக்கும்போது இப்பிள்ளை அறைக்குள் ஒரு வாளித் தண்ணீரோடு தனித்திராது. குசினியில், முழங்கால் உள்ளே செல்லத்தக்க வெற்றிடமுடைய மேசையொன்றும், அதன் விளிம்பிற் பொருத்திய துருவலையும் இருப்பின், பிள்ளை தேங்காய் துருவும், மரக்கறி நறுக்கும். உதவி பெறுவோனாய் மட்டும் வளராது உதவுவோனாயும் வளரும். சாமியறை விளக்கு கைக்கு எட்டுமாயின் மாலையில் அதனை ஏற்றும் உரிமையும் அப்பிள்ளைக்குக் கிட்டும்.

ஐந்தாவதாக, பலரும் எண்ணிப் பாராத ஒன்றைக் கூறல் வேண்டும். மட்டக்களப்புப் பகுதியின் மரபிலே வீடு பெண்மக்களுக்குச் சீதனமாய்ச் செல்வது. மூத்த மகள் மணமுடித்ததும் வீடு அவளதாகும். பெற்றோர் இளைய பிள்ளைகளுடன் வேறு வீட்டுக்குப் பெயர்வர். அவ்வாறாயின், இத்துணைப் பாடுபட்டு அமைத்த படியிலா வீட்டிலிருந்து, எவருக்காக அது அமைக்கப்பட்டதோ அப்பிள்ளையே வெளியேற நேரும். பிள்ளை ஆணாயின் அவனுக்கென வீடு எழுதுவோர் அரியர்; பெண்ணாயின், மணம் நிகழாதென்று தாமே முடிவுசெய்து, அவள் பங்கை மற்றையோர்க்குப் பகிர்வோரும் உளர். ஆகவே கட்டட வரைபடம் எழுதும் நாளிலேயே காணி உறுதியையும் எண்ணுதல் வேண்டும். வீட்டை அப்பிள்ளை பெயருக்கே எழுதலாம். அன்றேல் சகோதரிக்கு நன்கொடை எழுதுங்கால், அப்பிள்ளை ஆயுள்வரை அங்கு வாழும் சீவிய உரித்தை உறுதியிற் சேர்க்குமாறு நொத்தாரிசுடன் கலந்து பேசலாம். சாய்தளத்தைக் காப்பது சீமெந்து மட்டுமன்று, உறுதிப் பத்திரமுமாகும்.

ஆறாவது இடர்க்காலம். 1978 ஆம் ஆண்டு கார்த்திகைச் சூறாவளியையும் 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலையையும் கண்ட மண் இது. ஓடக்கூடியவர்க்கே நேரம் போதாத நாட்கள் அவை. இப்பிள்ளையுள்ள வீட்டுக்கு முன்னும் பின்னுமாக இரு படியிலா வழிகள் இருத்தல் வேண்டும். யார் தள்ளிச் செல்வது, எவ்வழியாற் செல்வது, எங்கே தங்குவது என்பவற்றை அயலாருடனும் கிராம அலுவலருடனும் மாரிக்கு முன்னரே பேசி வைத்தல் வேண்டும்.

தங்குமிடம் பெரும்பாலும் பள்ளிக்கூடமேயாம். அங்கே படிகள் மட்டுமே இருக்குமாயின் வீட்டில் எடுத்த முயற்சியெல்லாம் பாதியில் நின்றுவிடும். தமிழ்நாட்டிலே தென்காசிக்கு அண்மையிலுள்ள ஆய்க்குடியில், எஸ். இராமகிருஷ்ணன் என்பார் 1981 இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். பொறியியல் மாணவராயிருந்த அவர், 1975 இற் கடற்படைத் தேர்வொன்றில் வீழ்ந்து, கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்தவர். அவர் நிறுவிய சங்கம் பிள்ளைகளின் கல்விக்கும் மறுவாழ்வுக்கும் பெருநிலையமாய் வளர்ந்துள்ளது. 2020 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. நாற்காலியிலிருந்து ஒருவர் செய்யக்கூடியது எத்துணை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஆனால், அந்நாற்காலி செல்வதற்கு வழியிருத்தல் வேண்டும்.

எமது பழைய மாணவருட் பொறியியலாளர் உளர், வரைஞர் உளர், சட்டத்தரணிகளும் நொத்தாரிசுகளும் ஆசிரியரும் உளர். சொந்த ஊரில் இத்தகைய பிள்ளையுள்ள குடும்பமொன்று வீடுகட்டத் தொடங்குமாயின், அத்திவாரத்துக்கு நூல் கட்டும் நாளில் ஒரு மணி நேரம் அங்கே சென்று நிற்பது அவர்களுக்கு அரிதன்று. அன்றைக்கு மட்டத்தை மாற்றுவதற்கு வேண்டுவது சில வண்டி மண். வீடு எழுந்தபின் மாற்றுவதற்கு வேண்டுவது உடைப்பும் இரட்டைச் செலவும். பெரும்பாலோர் அச்செலவுக்கு அஞ்சி, மாற்றாமலே விட்டுவிடுவர். விழா ஆண்டிலே கல்லூரிக்கு என்ன வழங்கலாமென்று வினவும் அன்பர்க்கும் யாம் கூறுவது ஒன்றே: கல்லூரியைச் சுற்றிப் பாருங்கள், படியேறாது வகுப்பறைக்குச் செல்ல எங்கே வழியில்லையோ, அங்கே ஒரு வழி சமையுங்கள்.